காத்து லேட்டா வந்த வருஷம்

மே மாதம். நிலா இல்லாத ராத்திரி. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்திலிருந்து மேற்கே, கடலுக்குள் சுமார் 45 கிலோமீட்டர் போனால் ஒரு பாறைத் தீவுக் கூட்டம் வரும். பெயர் ஃபேரலோன். கடை கிடையாது, பீச் கிடையாது, படகைக் கட்ட ஒரு துறைகூடக் கிடையாது. படகிலிருந்து ஆளை கிரேன் வைத்துத் தூக்கித்தான் தீவில் இறக்குவார்கள். டூரிஸ்ட்டுக்கு அனுமதியே இல்லை. அங்கே தங்குகிறவர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கும் ஆராய்ச்சியாளர்களும், அவர்களுக்கு உதவிக்கு வரும் மாணவர்களும்தான்.

அந்த இருட்டில் 'தொப்'பென்று ஒரு சத்தம். யாரோ மேலேயிருந்து பழைய டென்னிஸ் பந்தைப் போட்ட மாதிரி. கொஞ்சம் தள்ளி இன்னொரு 'தொப்'. அப்புறம் வரிசையா தொப்... தொப்... தொப்...

பயப்படாதீங்க, பேய் இல்லை. எல்லாம் பறவைகள். பகல் முழுக்கக் கடலில் சாப்பிட்டுவிட்டு, தொண்டை நிறையக் குழந்தைக்கும் அள்ளிக்கொண்டு வீடு திரும்புகின்றன. நீச்சலில் டிஸ்டிங்ஷன், லேண்டிங்கில் மட்டும் ஜஸ்ட் பாஸ்!

இந்த வாரம் இந்தப் பறவையின் கதைதான். ஒரு வருஷம் காற்று கொஞ்சம் லேட்டாக அடித்தது. அதனால் ஒரு தீவு முழுக்கக் குஞ்சுகளே இல்லாமல் போன கதை.

சாம்பல் கலர் சிங்காரி

பறவையின் பெயர் காசின் ஆக்லெட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியாவில் வாழ்ந்த ஜான் காசின் என்ற பறவை நிபுணரின் பெயரை வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் மைனாவைவிடக் கொஞ்சம் பெரிசு, மாடப்புறாவைவிடச் சின்னது. எடை 200 கிராமுக்குள். உடம்பு பெரும்பாலும் சாம்பல் நிறம். கண்ணுக்கு மேலே மட்டும் பிறை மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று. மொத்த மேக்கப்பும் அவ்வளவுதான்.

ஆனால் தண்ணிக்குள் இறங்கிவிட்டால் ஆளே வேற. இறக்கையைத் துடுப்பாக்கிக்கொண்டு, தண்ணிக்கடியில் பறக்கிற மாதிரியே நீந்தும். சுமார் 30 மீட்டர் ஆழம் வரை போகும். எல்லாம் எதுக்கு? கிரில் என்கிற குட்டியூண்டு உயிரியைப் பிடிக்க. அம்மா கடையில் வாங்குவாங்களே சென்னாகூனி, பார்வைக்கு ஏறக்குறைய அந்த மாதிரி இருக்கும். இறாலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கடலில் நீரோட்டத்தின் போக்கில் மிதந்து திரிகிற உயிர்களுக்கெல்லாம் பொதுப்பெயர் பிளாங்க்டன். கிரில் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் பெரிய ஆள். நம்ம ஆக்லெட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் மெனு. மீன் குஞ்சு கிடைத்தால் அதையும் விடாது. ஆனால் வயிறு நம்பியிருப்பது பிளாங்க்டனைத்தான்.

குடும்ப வாழ்க்கை ரொம்ப ஸ்ட்ரிக்ட். மண்ணில் வளை தோண்டி, அல்லது பாறை இடுக்கில், ஒரே ஒரு முட்டை. அந்த முட்டையின் எடையே அம்மா எடையில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு வரும். அப்பாவும் அம்மாவும் முறை போட்டு அடைகாக்கும். ஒருத்தர் 24 மணி நேரம் வளைக்குள் டியூட்டி, இன்னொருத்தர் கடலில் சாப்பாடு. ராத்திரி வந்து ஆள் மாற்றிக்கொள்ளும். சுமார் 38 நாள் இப்படியே ஓடும். குஞ்சு பொரிந்த பிறகு இன்னும் ஆறு வாரம் வாக்கில் ஊட்டவேண்டும். தொண்டைக்குக் கீழே ஒரு பை இருக்கிறது. அதில் கிரிலை அடைத்துக்கொண்டு வந்து, கூழ் மாதிரிக் கக்கி ஊட்டும்.

ஏன் ராத்திரியில் மட்டும் வருது? பகலில் வந்தால் கடற்காகங்கள் சும்மா விடாது. வளை வாசலிலேயே பிடித்து விழுங்கிவிடும். நிலா வெளிச்சம்கூட ஆபத்துதான். அதனால்தான் இந்த நைட் ஷிஃப்ட்.

ஆக, இந்தப் பறவைக்குத் தேவை ஒன்றே ஒன்று. வசந்த காலம் தொடங்கி கோடை வரை, தீவுக்குப் பக்கத்திலேயே கடலில் கிரில் கிடைக்கவேண்டும். அது கிடைக்குமா கிடைக்காதா என்பதை முடிவு பண்ணுவது காற்று.

சமைக்கிறது காத்து, பரிமாறுறது கடல்

கலிஃபோர்னியாவில் நல்ல கோடையில் சான் பிரான்சிஸ்கோ போனவர்கள் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு திரும்பிய கதை நிறைய உண்டு. வெயில் காலத்தில் அங்கே குளிரும், பனிமூட்டமும். காரணம், ஊருக்கு முன்னால் இருக்கும் கடல் ஐஸ் தண்ணி மாதிரி சில்லென்று கிடக்கும்.

அது எப்படி? வசந்த காலத்தில் அந்தக் கரையை ஒட்டி வடமேற்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும். பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால், காற்று தள்ளுகிற மேல்தண்ணீர் காற்றின் திசையிலேயே போகாது, வலது பக்கமாக விலகும். இது பூமியின் வடபாதிக்கான விதி. தெற்கு நோக்கி வீசும் காற்றுக்கு வலது பக்கம் மேற்கு, அதாவது நடுக்கடல். கரையோரத் தண்ணீர் மேற்கே விலகிப் போனதும், அந்தக் காலி இடத்தை நிரப்ப அடியாழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறி வரும். இதற்கு அப்வெல்லிங் என்று பெயர். தமிழில் மேலெழுச்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

கீழேயிருந்து வருகிற தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. செத்து அடியில் விழுந்த உயிர்கள் மக்கிச் சேர்ந்த உரம் அதில் கரைந்திருக்கும். உரமும் சூரிய வெளிச்சமும் சேர்ந்தால் நுண்பாசி கொழிக்கும். அதைத் தின்ன கிரில் வரும். கிரிலைத் தின்ன ஆக்லெட்டும், சால்மன் மீனும், பெரிய திமிங்கிலமும் வரும். நம்ம கன்னியாகுமரியிலிருந்து கேரளக் கரை வரை தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் நடப்பதும் இதே மேலெழுச்சிதான். அங்கே சாளை மீன் கொட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தச் சமையல் கெட்டுப்போக ரெண்டு வழி இருக்கிறது.

ஒன்று, காற்று வராமல் போவது. அடுப்பே பத்தலை.

ரெண்டாவது, காற்று வந்தும் பிரயோஜனம் இல்லாமல் போவது. காய்ச்சிய பால்மேல் ஆடை படிகிற மாதிரி, கடல்மேல் சூடான தண்ணீர் தடியாகப் படிந்துவிட்டால், காற்று எவ்வளவு தள்ளினாலும் மேலே வருவது அந்தச் சூட்டுத் தண்ணீர்தான். உரம் கீழேயே தங்கிவிடும். பசிபிக் கடலில் சில வருஷத்துக்கு ஒருமுறை வரும் எல் நினோ செய்கிற வேலை இதுதான். 1982-83, 1991-92, 1997-98 எல்லாம் பலமான எல் நினோ காலங்கள். ஆக்லெட்டுக்கும் சோதனைக் காலங்கள்.

2005: மொத்த கிளாஸும் ஃபெயில்

2005-ல் நடந்ததுதான் எல்லோரையும் குழப்பியது. அது பெரிய எல் நினோ வருஷமே இல்லை.

ஃபேரலோன் தீவில் ஆக்லெட்டுகளுக்காக மரப்பெட்டிகளைப் பாதி மண்ணில் புதைத்து வைத்திருக்கிறார்கள். வளைக்குப் பதில் பறவைகள் அதில் குடியேறும். மூடியைத் திறந்து முட்டை இருக்கா, குஞ்சு இருக்கா, எந்த வளையம் போட்ட பறவை என்று நோட்டில் குறித்துக்கொள்ளலாம். 1970-களின் தொடக்கத்திலிருந்து இந்த ஆக்லெட் கணக்கு இருக்கிறது. சுமாரான வருஷத்தில் பத்து ஜோடிக்கு ஏழு குஞ்சு வாக்கில் தேறும்.

2005 வசந்த காலம். பறவைகள் வந்தன. காற்று வரவில்லை. வானத்தில் மிக உயரத்தில் ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றோட்டம், அந்த வருஷம் வழக்கத்தைவிடத் தெற்கே தங்கிவிட்டது. கரையோரக் காற்று நிலைகொள்ளவில்லை. வடக்கே ஓரிகன் மாநிலக் கரையில் ஜூலை பாதி வரைக்கும் மேலெழுச்சி ஒழுங்காகத் தொடங்கவே இல்லை. கடல் சூடாகக் கிடந்தது. கிரில் அருகிப்போனது.

முட்டையிட்ட ஜோடிகளே குறைவு. அதிலும் ஒவ்வொன்றாகக் கூட்டைவிட்டுப் போக ஆரம்பித்தன. டியூட்டி மாற்ற வரவேண்டியவர் வரவில்லை. உள்ளே இருப்பவர் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானும் கிளம்பிப் போனார். மூடியைத் திறந்தால் குளிர்ந்துபோன முட்டை மட்டும். கணக்கெடுக்க ஆரம்பித்த முப்பத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு மொத்தத் தோல்வியைத் தீவு பார்த்ததில்லை.

சரி, ஏதோ ஒரு வருஷம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். 2006-லும் கிட்டத்தட்ட அதே கதி!

காற்று அடியோடு வராமல் போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். 2005-ல் ஜூலைக்குப் பிறகு நன்றாகவே அடித்தது, கடலும் குளிர்ந்தது. ஆனால் முட்டையை விட்டுப் போனவை போனவைதான். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று நாம் சொல்கிறோம். தூற்ற முறத்தோடு தயாராக நிற்கும்போது காற்று வரவில்லை என்றால் என்ன செய்ய?

ஆக்லெட்டின் அரியர் கணக்கு

'முட்டையை அம்போன்னு விட்டுட்டுப் போறது ஒரு அம்மா அப்பா செய்ற காரியமா?' என்று உங்களுக்குக் கோபம் வரலாம். கொஞ்சம் பொறுங்க. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஆக்லெட்டின் உடம்புக்கு ஆயுசு அதிகம். இந்தச் சைஸில் இருக்கும் நம்ம ஊர்ப் பறவைகளோடு ஒப்பிட்டால் ஆச்சரியமாக இருக்கும். கடலும் அதிர்ஷ்டமும் சாதகமாக இருந்தால் பதினைந்து வருஷத்தையும் தாண்டி வாழும். மூன்று வயது வாக்கில் குடும்பம் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு குஞ்சு. வாழ்நாளில் ஒன்றிரண்டு குஞ்சு பெரியதாகி வந்துவிட்டாலே வம்சம் தொடரும். அதனால் மோசமான வருஷத்தில் பட்டினியோடு அடைகாத்து உயிரை விடுவதைவிட, முட்டையை விட்டுவிட்டுத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். நம்ம பாஷையில் சொன்னால், ஒரு பேப்பர் போனா அடுத்த செம்ல எழுதிக்கலாம். ஆளே போயிட்டா எந்த செம்ல எழுதறது?

நல்ல வருஷத்தில் இதே பறவை அரியரையும் சேர்த்து க்ளியர் பண்ணும். கிரில் தாராளமாகக் கிடைத்தால், முதல் குஞ்சைப் பறக்கவிட்ட கையோடு அதே சீசனில் இரண்டாவது முட்டை போட்டு அதையும் வளர்க்கும். இதன் குடும்பத்தில் வேறு எந்தப் பறவையும் இந்த வேலையைச் செய்வதாகத் தெரியவில்லை.

ஆகக்கூடி, ஆக்லெட்டின் வாழ்க்கையே ஒரு பந்தயம். மோசமான வருஷம் அபூர்வமாக வரும், அது முடியும்வரை நான் உயிரோடு இருந்துவிட்டால் போதும். பல்லாயிரம் வருஷமாக இந்தப் பந்தயத்தில் ஜெயித்து வந்திருக்கிறது.

பந்தயம் இப்போது எங்கே இடிக்கிறது என்பதை ஃபேரலோன் தரவுகளை வைத்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. வில்லியம் சைட்மன் உள்ளிட்ட மூன்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியது. எல் நினோ மாதிரியான வருஷங்களில் குஞ்சுகள் தேறுவது மட்டும் குறையவில்லை. முட்டையிடவே முன்வரும் ஜோடிகளும் குறைகின்றன. வளர்ந்த பறவைகளின் சாவும் கூடுகிறது. மூன்று அடியும் ஒரே நேரத்தில்! அரியர் வைத்தவன் அடுத்த செம்மில் எழுத உயிரோடு இருக்கவேண்டும் இல்லையா? அந்த உத்தரவாதமே ஆட்டம் காண்கிறது.

1970-களின் தொடக்கத்தில் ஃபேரலோனில் சுமார் ஒரு லட்சம் ஆக்லெட்டுகள் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். அடுத்த முப்பது வருஷத்துக்குள் அதில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. 2010-ஐ ஒட்டிய சில வருஷங்கள் மறுபடி நன்றாக அமைந்தன, இரண்டாவது குஞ்சுகூட நிறைய வந்தது. ஏற்றமும் இறக்கமும் எப்போதும் இருந்ததுதான். இறக்கங்கள் அடிக்கடி வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இப்போது கவலை.

பறவை முன்னாடியே சொல்லிடுச்சு

'எங்கேயோ ஒரு தீவுல ஒரு சாம்பல் பறவை முட்டையை விட்டுட்டுப் போனா நமக்கென்ன பாஸ்?' என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி.

2005 வசந்தத்தில் பட்டினி கிடந்தது ஆக்லெட் மட்டும் இல்லை. கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ ஆற்றில் பிறந்த சால்மன் குஞ்சுகள் அந்த வசந்தத்தில்தான் கடலுக்குள் முதன்முதலாக வந்தன. கடலுக்கு வந்த முதல் சில வாரங்களில் அவை சாப்பிட்டுப் பெருக்கவேண்டும். இல்லாவிட்டால் தப்பாது. ஆனால் தண்ணிக்கடியில் செத்துப்போகும் குஞ்சு மீனை யார் எண்ணுவது? அவை முழு வளர்த்தியோடு ஆற்றுக்குத் திரும்ப ரெண்டு, மூணு வருஷம் ஆகும். அப்போதுதான் தெரியும்.

தெரிந்தது. 2002-ல் இலையுதிர் காலத்தில் அந்த ஆற்றுக்கு ஏழு லட்சத்துக்கும் அதிகமான சால்மன்கள் திரும்பியிருந்தன. 2008-ல் எழுபதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. 2008, 2009 இரண்டு வருஷமும் கலிஃபோர்னியாவில் கடலில் சால்மன் பிடிக்கும் தொழிலுக்கே தடை போட்டார்கள். படகு வாங்கிக் கடன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கரையில் உட்கார்ந்தார்கள். ஆற்றில் அணைகள், பாசனத்துக்கு இழுக்கும் தண்ணீர், பண்ணைக் குஞ்சுகளையே நம்பியிருப்பது என்று பழைய காரணங்களும் உண்டு. ஆனால் உடனடிக் காரணம் 2005, 2006 வருஷங்களின் கடல் நிலைமை என்றுதான் விசாரித்த விஞ்ஞானிகள் அறிக்கை கொடுத்தார்கள்.

ஃபேரலோனில் ஆறிப்போன முட்டைகள் இதைத்தான் மூன்று வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தன. ஒரே சமையல்கட்டில் சாப்பிடுகிற ரெண்டு பேரில், நம் கண்ணில் படுகிறவர் ஆக்லெட். அவ்வளவுதான் விஷயம்.

மெஸ் டைமிங் மாறிப்போச்சு

இப்போது கொஞ்சம் வடக்கே, கனடாவுக்குப் போவோம். வான்கூவர் தீவின் வடமுனையிலிருந்து கடலுக்குள் சுமார் 45 கிலோமீட்டரில் ட்ரையாங்கிள் தீவு. உலகத்திலேயே பெரிய காசின் ஆக்லெட் குடியிருப்பு இதுதான். 1989 கணக்குப்படி சுமார் ஐந்தரை லட்சம் ஜோடிகள்!

இங்கே முக்கிய உணவு கிரில் இல்லை, கோபிபாட். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் இன்னொரு பிளாங்க்டன். உடம்பு முழுக்க எண்ணெய்ச் சத்து. இது வருஷத்தில் பெரும்பகுதி ஆழத்தில் கிடக்கும். வசந்தத்தில் மேலே வந்து, தின்று கொழுத்து, மறுபடி ஆழத்துக்குப் போய்விடும். மேல்மட்டத்தில் அது இருக்கிற அந்தச் சில வாரங்கள்தான் ஆக்லெட்டுக்கு மெஸ் திறந்திருக்கும் நேரம்.

குளிர்ந்த வருஷத்தில் எல்லாம் பொருந்திப் போகும். கடல் சூடான வருஷத்தில் கோபிபாட் சீக்கிரமே வளர்ந்து, சீக்கிரமே கீழே போய்விடும். ஆக்லெட்டால் அந்த அளவுக்கு முட்டையை முன்கூட்டிப் போட முடிவதில்லை. விளைவு, குஞ்சு நல்ல பசியில் வாயைப் பிளக்கும்போது மெஸ் கதவு சாத்தியாச்சு. நைட்டு ஒன்பதரைக்கு ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஓடி, பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டவர்களுக்கு இந்தச் சோகம் புரியும். ஆனால் நமக்கு வாசலில் பரோட்டா கடை இருக்கிறது. குஞ்சுக்கு அது இல்லை.

எல் நினோ பாதித்த 1998-ல் அங்கே குஞ்சுகள் சரியாக வளரவில்லை. அடுத்த வருஷம், 1999-ல் கடல் குளிர்ந்தது. அதே தீவு, அதே பறவைகள், குஞ்சுகள் கொழுகொழு!

பொரி சாப்பிட்டுச் செத்த பறவைகள்

2013 கடைசியில் அலாஸ்கா வளைகுடாவில் ஒரு பெரிய வெந்நீர்த் திட்டு உருவானது. 2014 தொடக்கத்தில் வழக்கத்தைவிடச் சுமார் இரண்டரை டிகிரி கூடுதல் சூடு. வாஷிங்டன் மாநிலத்தின் காலநிலை நிபுணர் நிக் பாண்ட் அதற்கு 'ப்ளாப்' என்று பெயர் வைத்தார். பழைய ஹாலிவுட் படத்தில் ஊரையே விழுங்கும் ஜெல்லி மாதிரியான ஒரு பிசாசின் பெயர் அது. பெயர் பொருத்தம் பயங்கரம்!

2014-ல் ஆக்லெட்டுகளுக்கு நல்ல சீசன். புதுக் குஞ்சுகள் ஏராளமாகக் கடலுக்கு வந்திருந்தன. நடுக்கடல் முழுக்க ப்ளாப் ஆக்கிரமித்ததால், கரையோரத்தில் மிச்சமிருந்த ஒரு குளிர்ந்த பட்டையில் அவை நெருக்கியடித்துக் கூடின. இலையுதிர் காலத்தில் காற்று மாறியது, மேலெழுச்சி நின்றது. ப்ளாப் கரைவரை வந்து அந்தப் பட்டையையும் விழுங்கியது.

தண்ணீரோடு மெனுவும் மாறியது. எண்ணெய்ச் சத்துள்ள பெரிய கோபிபாட் போய், தெற்கத்திச் சூட்டுத் தண்ணீரின் பொடிப்பொடி கோபிபாட் வந்தது. பொங்கல் வடை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் பொரி போட்ட மாதிரி. நாள் முழுக்கத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. குளிர்காலக் கடலில் ஒரு சின்ன உடம்பு சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள அது எப்படிப் போதும்?

2014 அக்டோபர் தொடங்கி 2015 பிப்ரவரி வரை, கலிஃபோர்னியாவிலிருந்து கனடா வரை கடற்கரைகளில் செத்த ஆக்லெட்டுகள் ஒதுங்கின. ஆயிரக்கணக்கில், வழக்கத்தைவிடப் பல மடங்கு. அறுத்துப் பார்த்தால் எண்ணெய்க் கசிவு இல்லை, பெரிய நோய் இல்லை. கொழுப்பே இல்லாத, சதை வற்றிய உடம்பு. பட்டினி.

இது ஒருமுறை நடந்த விபத்தா? ஒவ்வொரு சாவையும் புவி வெப்பமாதல் தலையில் கட்டிவிட முடியாது. 2005 காற்றுக்கும் அப்படி ஒரு தீர்ப்பை யாரும் எழுதவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கடல் வெப்ப அலைகள் 1980-களிலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு அடிக்கடி வருவதாக ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021 அறிக்கையில் சொல்லியிருக்கிறது. மோசமான வருஷம் அபூர்வமாக வரும் என்று நம்பிப் பந்தயம் கட்டிய பறவைக்கு இதைவிடக் கெட்ட செய்தி வேறு இல்லை.

எண்ணிக்கொண்டே இருந்தவர்கள்

இத்தனையும் நமக்கு எப்படித் தெரிந்தது? சாட்டிலைட் கடலின் சூட்டைச் சொல்லும். முட்டை ஆறிப்போனதைச் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு ஆள் குனிந்து பெட்டி மூடியைத் திறக்கவேண்டும்.

ஃபேரலோனில் 1968-ல் தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த வேலை நடந்திருக்கிறது. அன்றைக்குப் பாயிண்ட் ரேயிஸ் பறவை ஆய்வு மையம், பிற்பாடு பாயிண்ட் ப்ளூ என்று பெயர் மாறிய அமைப்பு. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் வந்து, கடற்காகங்களின் எச்சத்தைத் தலையில் வாங்கிக்கொண்டு, ஒரே மாதிரிப் பெட்டிகளை ஒரே முறையில் பார்த்து எழுதிவிட்டுப் போனார்கள். அவர்கள் எழுதிய பெரும்பாலான பக்கங்கள் போரடிக்கும். 'முட்டை 1, பெரியது 1.' ஆனால் அந்தப் போரடிக்கும் பக்கங்கள் முப்பத்தைந்து வருஷம் இருந்ததால்தான், 2005-ஐப் பார்த்ததும் 'இது வழக்கமில்லை' என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

செத்த பறவைகளைக் கணக்கெடுத்தவர்கள் இன்னும் சாதாரண ஆட்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் ஒரு திட்டத்தில் ரிட்டயர்டு தாத்தாக்கள், இல்லத்தரசிகள், காலேஜ் பசங்க எல்லாரும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பீச். மாசத்துக்கு ஒருமுறை நடந்து, ஒதுங்கிய பறவையின் கால், இறக்கை, அலகை அளந்து எழுதுவார்கள். குளிர்காலத்தில் பறவைகள் குவிந்தபோது, வழக்கமாக எத்தனை ஒதுங்கும் என்ற பழைய கணக்கு அவர்கள் கையில் தயாராக இருந்தது.

இது நம்ம ஊருக்கும் புதுசு இல்லை. சென்னையில் 1988-லிருந்து மாணவர்களே சேர்ந்து, ஜனவரி முதல் கோடை தொடக்கம் வரை ராத்திரி கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். எத்தனை ஆமை வந்தது, எத்தனை செத்து ஒதுங்கியது என்று எழுதியும் வைக்கிறார்கள். 2015-லிருந்து பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தேவை ஒரு நோட்டு, கால் மணி நேரம். உங்க காலேஜ் கேம்பஸ் வேப்பமரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். முதல் வருஷம் நீங்கள் எழுதுவது யாருக்கும் பெரிசாகத் தெரியாது. முப்பதாவது வருஷம், ஏதோ ஒன்று காணாமல் போகும்போது, யாரோ ஒருத்தர் உங்கள் நோட்டைத் தேடி வருவார்.

அந்த 2005-ல் கூட்டைவிட்டுப் போன ஆக்லெட்டுகள் எல்லாம் என்ன ஆயின என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் சாகவில்லை. காலில் வளையத்தோடு சில பறவைகள் பின்னால் வந்த நல்ல வருஷங்களில் மறுபடி தீவுக்கு வந்தன. அதே இருட்டு, அதே 'தொப்'. அரியர் எழுத வந்தவர்கள்! அவர்களுக்குக் காற்று நேரத்துக்கு வரட்டும்.

அடுத்த வாரம் வேறொரு ஊர், வேறொரு உயிரோடு சந்திப்போம்!